பேட்டரிக்கும் வயசாகும்!

மடிக்கணினி என்று பெயர் வைத்தவர் நல்ல ரசிகர்தான். ஆனால் வாங்கி மூன்று வருஷம் ஆன ஒரு லாப்டாப்பைப் பாருங்கள். அது யார் மடியிலும் இருப்பதில்லை. பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில், முளையில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி நின்று கொண்டிருக்கும். ஒயரைப் பிடுங்கினால் பத்தாவது நிமிஷம் கண்ணை மூடிவிடும்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறதா, சகோதரி? அப்படியானால் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

லாப்டாப் என்பது ஆபீஸ்காரர்களின் சாமான் என்ற காலம் போய்விட்டது. பெண்ணின் பாடம், பிள்ளையின் பரீட்சை விண்ணப்பம், வீட்டுக்காரரின் வருமான வரிக் கணக்கு, வெளிநாட்டில் இருக்கும் பேரனின் முகம் எல்லாம் அந்தச் சிறு பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அது படுத்துக் கொண்டால் கடைக்குத் தூக்கிக் கொண்டு ஓடுகிறோம். கடைக்காரர் நமக்குப் புரியாத ஒரு வார்த்தையைச் சொல்கிறார். அந்த வார்த்தைக்குப் பயந்து கொண்டு பணத்தை எடுத்து வைக்கிறோம். மிக்ஸியில் என்ன கோளாறு என்பதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற நமக்கு இந்தப் பேட்டரி மட்டும் எதற்காகப் புரியாத புதிராக இருக்க வேண்டும்?

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். லாப்டாப்பில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. ஒரு பக்கம் லித்தியம் கலந்த உலோக ஆக்ஸைடு, மறுபக்கம் கரி. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அணுக்கள் மின்னேற்றத்தோடு கரியின் பக்கம் போய்த் தங்குகின்றன. நாம் உபயோகிக்கும்போது திரும்பி வருகின்றன. இப்படிப் போவதும் வருவதுமாக இருக்கையில், கரியின் மேல் மெல்லிய ஆடை போல ஒன்று படிகிறது. கொஞ்சம் லித்தியம் அதிலேயே சிக்கிக் கொண்டுவிடுகிறது. ஒரு படி அரிசியைத் தினமும் இந்தப் பாத்திரத்திலிருந்து அந்தப் பாத்திரத்துக்கும், அங்கிருந்து இங்குமாகக் கொட்டிக் கொண்டே இருந்தால் நாளைக்கு நாலு அரிசி சிந்தாமல் இருக்குமா? அதே கணக்குதான்.

இந்த ஜாதிப் பேட்டரியை 1991-ஆம் வருஷம் ஜப்பானின் ஸோனி கம்பெனி முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிப்படை போட்ட ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசு பெறும்போது குட்எனஃபுக்கு வயது 97. 2023-இல் நூறு வயது நிறைந்தவராகக் காலமானார். பாவம், அவருக்கு வாய்த்த ஆயுள் அவருடைய பேட்டரிக்கு வாய்க்கவில்லை!

லாப்டாப் பேட்டரிகள் பெரும்பாலும் 300 முதல் 500 சுற்று வரை நன்றாக உழைக்கும். 1,000 சுற்று வரை தாங்கும்படி செய்தவையும் உண்டு. ஒரு சுற்று என்றால் முழுப் பேட்டரி ஒரு தடவை செலவாவது. இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. அத்தனை சுற்றுக்குப் பிறகு அது செத்துப் போவதில்லை, கொள்ளளவு சுருங்கிவிடுகிறது. உபயோகிக்காமல் பரணில் வைத்தாலும் வயசு ஏறத்தான் செய்யும்.

இதில் முக்கியமான சமாசாரம் ஒன்று உண்டு. திரையின் மூலையில் 100 சதவீதம் என்று காட்டுகிறதே, அது பேட்டரி புதிதாக இருந்தபோது இருந்த நூறு அல்ல. இன்றைக்குச் சுருங்கிப் போயிருக்கும் பாத்திரத்தின் நூறு. படியாக இருந்தது உழக்காகிவிட்டது. உழக்கு நிரம்பினாலும் அது 'நிரம்பிவிட்டது' என்றுதான் சொல்லும். பொய் சொல்லவில்லை. ஆனால் அதை நம்பினால் ஆபத்து.

அந்த ஆபத்து எங்கள் வீட்டிலேயே வந்தது. குழந்தை பிறந்ததற்காக வேலையை விட்ட என் மருமகள், நாலு வருஷம் கழித்து மறுபடியும் வேலைக்கு முயற்சி செய்தாள். எத்தனையோ விண்ணப்பங்களுக்குப் பிறகு ஒரே ஒரு கம்பெனியிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. லாப்டாப்பின் மூலமாகவே பேச வேண்டும். காலை பதினொரு மணிக்கு. பதினொன்றேகாலுக்குக் கரண்டு போயிற்று. அவள் பதறவில்லை. திரையில் 42 சதவீதம் இருந்தது. வைஃபைப் பெட்டிக்குத் தனியாகப் பேட்டரியும் இருந்தது. கேள்விக்குப் பதில் சொல்லிக் கொண்டிருக்கும்போதே, ஒரு வாக்கியத்தின் நடுவில், திரை இருண்டுவிட்டது.

உள்ளேயிருந்து வந்தவள் அழவில்லை. "போகட்டும் அத்தை, நமக்கு இது கொடுத்து வைக்கவில்லை" என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்குச் சாதம் பிசையப் போய்விட்டாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திராது.

சாயங்காலம் ஒரு கடைக்குக் கொண்டுபோனாள். பெயர் எதற்கு? திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போய்விட்டதம்மா. பதினாலாயிரம் ஆகும். பேசாமல் புதுசு வாங்கிவிடுங்கள்" என்றார்களாம். அவள் திரும்பி வந்து, அந்தக் கம்பெனிக்கு 'இனி வேண்டாம்' என்று எழுதுவதாக இருந்தாள்.

"எழுதுவதை நாளைக்கு வைத்துக் கொள். இன்றைக்கு அந்தப் பெட்டிக்கு நாடி பிடித்துப் பார்ப்போம்" என்றேன்.

நாடி பிடிப்பதற்கு விண்டோஸ் லாப்டாப்பிலேயே வசதி இருக்கிறது. தேடும் பெட்டியில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களைத் தட்டினால் 'கமாண்ட் பிராம்ப்ட்' என்ற கறுப்புக் கட்டம் வரும். அதில் பி, ஓ, டபிள்யூ, ஈ, ஆர், சி, எஃப், ஜி என்ற எட்டு எழுத்துக்களைச் சேர்த்து அடியுங்கள். ஓர் இடம் விட்டு, முன்பக்கம் சாயும் சாய்கோடு ஒன்று போடுங்கள். அதை ஒட்டி 'பேட்டரி ரிப்போர்ட்' என்பதை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடித்து 'என்டர்' தட்டுங்கள். ஓர் அறிக்கை தயாராகி, எந்த இடத்தில் சேமிக்கப்பட்டது என்பதையும் அதுவே சொல்லும். அந்த இடத்துக்குப் போய்த் திறந்து பாருங்கள்.

அறிக்கை நீளமாக இருக்கும், பயப்பட வேண்டாம். 'டிசைன் கபாஸிட்டி' என்பது பேட்டரி பிறந்தபோது இருந்த கொள்ளளவு. 'ஃபுல் சார்ஜ் கபாஸிட்டி' என்பது இன்றைய கொள்ளளவு. 'சைக்கிள் கவுண்ட்' என்பது எத்தனை சுற்று ஓடியது என்ற கணக்கு. சில லாப்டாப்புகளில் இந்த இடம் காலியாக இருக்கும். ஆப்பிள் கம்பெனியின் மாக்புக் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு சிரமம் இல்லை. செட்டிங்ஸில் பேட்டரிப் பகுதிக்குப் போனால் 'பேட்டரி ஹெல்த்' என்று அதுவே ஜாதகத்தை விரித்து வைத்துவிடும்.

எங்கள் அறிக்கையில் முதல் எண் 42,000. இரண்டாவது எண் 16,800. வகுத்துப் பார்த்தால் 40 சதவீதம். 690 சுற்று ஓடியிருந்தது. புதுப் பேட்டரியில் 42 சதவீதம் இருந்தால் ஒரு நேர்முகம் தாராளமாக முடியும். இங்கேயோ, அது நாற்பதில் நாற்பத்திரண்டு! போதாக்குறைக்கு, பேட்டரிக்கு வயசானால் அதன் மீட்டருக்கும் கணக்குத் தப்பும். வீடியோ, மைக், முழு வெளிச்சம் என்று ஒரே சமயத்தில் பாரம் ஏறும்போது பலமிழந்த செல்லின் வோல்டேஜ் திடீரென்று இறங்கிவிடும். லாப்டாப் அப்படியே நின்றுவிடும். மதர்போர்டின் மேல் ஒரு பாவமும் இல்லை.

மறுநாள் வேறொரு கடையில் பேட்டரியை மட்டும் மாற்றினோம். 3,800 ரூபாய். அவள் கம்பெனிக்கு நடந்ததை நடந்தபடி எழுதினாள். மறுபடியும் தேதி கொடுத்தார்கள். இப்போது காலை ஒன்பதரைக்கு அந்த அறையின் கதவு சாத்திக் கொள்ளும், பேரன் என்னிடம். அந்தக் கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

ஆனால் எல்லாக் கோளாறுக்கும் பேட்டரிதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். பேட்டரியில் கை வைக்குமுன் சில்லறைக் குற்றவாளிகளை ஒவ்வொருவராக விசாரிக்க வேண்டும். அதற்கு ஒரு வரிசை உண்டு.

சார்ஜே ஏறவில்லையா? முதலில் சுவர்ப் பிளக்கைப் பாருங்கள். மேஜை விளக்கை அதில் செருகினால் எரிகிறதா? எக்ஸ்டென்ஷன் பெட்டியை விட்டுவிட்டு, நேரே சுவரில் செருகிப் பாருங்கள். பிறகு சார்ஜரைப் பாருங்கள். ஒயர் மடங்குகிற கழுத்துப் பகுதியில் விரிசல், கறுப்பு, தளர்ச்சி இருக்கிறதா? செருகும் ஓட்டையில் தூசி அடைத்திருக்கிறதா? அதே மாடல் சார்ஜர் அக்கம்பக்கத்தில் இருந்தால் பத்து நிமிஷம் இரவல் வாங்கிச் சோதித்துவிடலாம். ஒயர் பழுது என்றால் புதிய சார்ஜரோடு செலவு தீர்ந்தது.

இப்போது வருகிற பல லாப்டாப்புகளுக்குக் கைபேசியின் சார்ஜர் முனையே பொருந்துகிறது. பொருந்துவதெல்லாம் போதுமானது அல்ல! 65 வாட் கேட்கிற லாப்டாப்புக்கு 20 வாட் சார்ஜர் போட்டால், கல்யாணப் பந்திக்குக் காப்பி டம்ளரால் சாம்பார் பரிமாறின கதைதான். ஏறுவது தெரியாது, சில சமயம் செருகியிருக்கும்போதே இறங்கும். லாப்டாப்போடு வந்த சார்ஜரில் எத்தனை வாட் என்று அச்சடித்திருக்கும். அதைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்.

80 சதவீதத்துக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறதா? அது நோயாக இல்லாமல் பத்தியமாக இருக்கலாம். பேட்டரியின் ஆயுளைக் காப்பதற்காகப் பல கம்பெனிகள் 60-இலோ 80-இலோ நிறுத்திக் கொள்ளும் ஏற்பாடு வைத்திருக்கின்றன. நாள் முழுக்க ஒயரோடு இருக்கும் லாப்டாப்புக்கு அந்தப் பத்தியம் நல்லது; எடுக்காதீர்கள். ஊருக்குப் போகும் நாளில் மட்டும் செட்டிங்ஸில் தளர்த்தி 100 வரை ஏற்றிக் கொள்ளுங்கள்.

சீக்கிரம் இறங்கிவிடுகிறதா? செட்டிங்ஸில் பேட்டரிப் பகுதிக்குப் போனால் எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்று பட்டியல் இருக்கும். பிரௌஸரில் முப்பது பக்கங்களைத் திறந்து வைத்துவிட்டுப் பேட்டரியைத் திட்டுவது நியாயமல்ல. திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாலே நல்ல மாற்றம் தெரியும். மூடியை மூடினால் அணைந்துவிட்டதாக அர்த்தமும் இல்லை. பல லாப்டாப்புகள் தூங்குவது போலப் பாசாங்கு செய்து, பைக்குள்ளேயே சூடேறிச் சார்ஜைத் தின்று கொண்டிருக்கும். பையில் வைக்குமுன் 'ஷட் டவுன்' செய்துவிடுங்கள்.

சார்ஜர் நன்றாக இருந்தும் உயிரே இல்லையா? ஒயரைக் கழற்றுங்கள். பவர் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்திருங்கள். பிறகு ஒயரைச் செருகி ஆரம்பித்துப் பாருங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கிப் பல தடவை பெட்டி எழுந்து உட்கார்ந்துவிடும். காசில்லாத வைத்தியம்.

முப்பதிலிருந்து திடீரென்று நாலுக்குக் குதிக்கிறதா? மீட்டரைச் சரிப்படுத்த ஒரு தடவை 100 வரை ஏற்றி, தானாக அணையும் வரை உபயோகித்து, மறுபடி இடைவிடாமல் 100 வரை ஏற்றுங்கள். அப்படியும் குதித்தால் பேட்டரியை மாற்றும் வேளை வந்துவிட்டது. இதைத் தினசரி வழக்கமாக்கிக் கொள்ள வேண்டாம். 'முழுக்க இறக்கித்தான் ஏற்ற வேண்டும்' என்பதெல்லாம் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துச் சாஸ்திரம். லித்தியத்துக்கு 20-க்கும் 80-க்கும் நடுவில் இருப்பதுதான் சுகவாசம்.

பேட்டரிக்குப் பரம சத்துரு யார் தெரியுமா? சூடு. பெரும்பாலான லாப்டாப்புகளுக்கு அறை வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. நம் ஊர்ச் சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? அதோடு மெத்தையின் மேலும் தலையணையின் மேலும் வைத்தால், அடியில் இருக்கும் காற்றுத் துவாரம் அடைபட்டு மூச்சு முட்டும். பெயரில் மடி இருந்தாலும் மேஜைதான் அதற்கு இடம். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் புடவைக் கடைக்குள் போகாதீர்கள். ஒரு மாதம் ஊரில் இருக்க மாட்டீர்களா? பாதிச் சார்ஜில் அணைத்து, குளுமையான இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.

இது வரையில் சொன்னது பணத்தைக் காப்பாற்றிக் கொள்ளும் வழி. இனிச் சொல்வது வீட்டைக் காப்பாற்றிக் கொள்ளும் வழி. தயவு செய்து கவனமாகப் படியுங்கள்.

எங்கள் எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். பிள்ளை கொடுத்த பழைய லாப்டாப்பை வைத்துக் கொண்டு ஐந்தாறு குழந்தைகளுக்கு டியூஷன் சொல்லித் தருகிறார். ஒருநாள் மிளகாய்ப்பொடி கொடுக்கப் போனவள், மேஜையைப் பார்த்து நின்றுவிட்டேன். மூடிய லாப்டாப்பின் மேல் அம்மிக் குழவி!

"என்ன டீச்சர் இது?"

"மூடி சரியாக மூட மாட்டேன் என்கிறது, அம்மா. விரல் தேய்க்கிற இடம் வேறு மேலே எழும்பிக் கொண்டு அழுந்த மாட்டேன் என்கிறது. இரண்டு நாள் பாரம் வைத்தால் படிந்துவிடும் என்று பார்த்தேன். சார்ஜ் ஏறுகிறது, பாருங்கள்!"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பக்கத்தில் ஜன்னல் திரை. கீழே பாயில் நாலு குழந்தைகள். குழவியை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தேன். சுவர் ஸ்விட்சை அணைத்து ஒயரைக் கழற்றினோம். லாப்டாப்பையும் அணைத்து, துணி, காகிதம் ஒன்றும் இல்லாத சிமெண்டுத் தரையில் தனியாக வைத்தோம். அன்றைக்கே டீச்சரின் தம்பி அதைச் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனார். உள்ளே பேட்டரி, சுட்ட அப்பளம் மாதிரி உப்பியிருந்ததாம்.

பேட்டரியின் உள்ளே இருக்கும் திரவம் கெட்டுப் போய் வாயுவாக மாறும்போது அது உப்புகிறது. உப்பிய பேட்டரியை அழுத்தினாலோ, குத்தினாலோ, உள்ளே இரண்டு பக்கமும் ஒட்டிக் கொண்டு தீப்பிடிக்கலாம். ஆகவே அடையாளங்களை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். டச்பேட் எழும்புவது, மூடி பொருந்தாமல் இடைவெளி விடுவது, சமதரையில் வைத்தால் லாப்டாப் ஆடுவது, அடித்தகடு விலகுவது, இனிப்பும் நெடியும் கலந்த ஒரு வாடை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சார்ஜ் போடுவதை அந்த நிமிஷமே நிறுத்துங்கள். அமுக்காதீர்கள், நெம்பாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை இறக்காதீர்கள், ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். புகை வந்தால் சாமானை மறந்துவிட்டுக் குழந்தைகளோடு வெளியேறித் தீயணைப்புக்குச் சொல்லுங்கள். மற்ற எந்தக் கோளாறுக்கும் நாமே வைத்தியம் பார்க்கலாம். இதற்கு மட்டும் கைவைத்தியம் கிடையாது.

புதுப் பேட்டரி வாங்கும்போது லாப்டாப்பின் மாடல் எண்ணையும், பழைய பேட்டரியின் மேல் அச்சடித்த எண்ணையும் சொல்லி, அதே எண்ணுக்கு உரியதைக் கேளுங்கள். பேட்டரியின் மேல் பி.ஐ.எஸ். முத்திரையும் ஐ.எஸ். 16046 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பில்லில் எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுதி வாங்குங்கள். பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று பெயர் தெரியாததை வாங்கி வீட்டுக்குள் விடாதீர்கள்.

பழையதைக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. 2022-ஆம் வருஷத்துப் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதை வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடித்தால் கஷ்டப்படப் போகிறவர் தினமும் நம் வாசலில் விசில் ஊதுகிற அம்மாள்தானே? மாற்றிக் கொடுக்கிற கடையிலோ, மின்கழிவு வாங்கும் இடத்திலோ கொடுத்துவிடுங்கள்.

இன்று இரவு பாத்திரமெல்லாம் கவிழ்த்த பிறகு ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். உங்கள் லாப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்து, ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடவில்லையென்றால் அந்த அறிக்கையை எடுத்து இரண்டு எண்களையும் மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், தேதி போட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இப்படி எழுதி வந்தால் போதும். பாதிக்குக் கீழே போகும்போது பேட்டரிக்கென்று பணம் எடுத்து வைக்கலாம். அப்புறம் எந்தக் கடைக்காரர் எந்தப் புரியாத வார்த்தையைச் சொன்னாலும், நோட்டைப் பிரித்துக் காட்டி, "அது இருக்கட்டும், இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் குரல் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்!